டப்பா வந்ததா, வள்ளி?

அன்புள்ள வள்ளிக்கு அம்மா எழுதுவது.

மூன்று வாரமாக நான் அனுப்புவதெல்லாம் நீல டிக் ஆகிறது, பதில்தான் இல்லை. வேலை இருக்கும், சரி. பாலாவிடம் தேன்குழலும் மனகோலமும் கொடுத்துவிட்டேனே, டப்பா வந்ததா என்றாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பத்தா தினம் கேட்கிறார்கள். இங்கே மழையே இல்லை, ஊருணி காய்ந்து கிடக்கிறது.

பாலா ஏதோ சொன்னான். நான் துருவிக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் உன் பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே. நைட் டூட்டியில் கூட இருக்கிறவள் "அக்கா, உங்க லாகின்லயே போட்டுடறேன்" என்பாள். அவள் ஏற்றுகிற மருந்தும் திறந்து பார்க்கிற ஃபைலும் மணி நிமிஷத்தோடு உன் பெயரில்தான் பதிவாகும். நோட்டு என்றால் யார் எழுதினார்கள் என்று கையெழுத்தாவது சொல்லும். இதெல்லாம் உனக்குத் தெரியாதா, மற்ற நர்சுகளுக்கே சிஸ்டம் சொல்லித்தருகிறவள் நீ. காரைக்குடி சந்தையில் எதிரே வந்தவரிடமெல்லாம் அதைச் சொல்லிவிட்டேன். அவ்வளவு தெரிந்தவளுக்கு அம்மாவுக்கு ஒரு போன் பண்ணத் தெரியவில்லை.

அப்புறம், பேரை மட்டும் பார்த்து ஃபைலைத் திறக்காதே. நம் தெருவிலேயே நாலு மீனாள், அதில் இரண்டு பேருக்குப் புருஷன் பேரும் லெட்சுமணன். ஆபா என்கிற சுகாதார அடையாள எண் என்றால் 14 இலக்கம், அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மி எண் என்றால் 12 இலக்கம், கடைசி இலக்கம் வரை ஒத்துப் பார். நேற்றைய குறிப்பை காப்பி பண்ணி இன்றைய தேதியில் ஒட்டாதே. பாஸ்வேர்டை மட்டும் கொடுத்துவிடாதே ஆத்தா.

இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ நினைக்கலாம். பன்னிரண்டாவதில் உனக்கு அரசு லேப்டாப் கொடுத்த வருஷம், என் பாஸ்வேர்டைச் சமையல்கட்டு காலண்டரில் எழுதிவைத்து, ராத்திரி உன்னைத்தானே பிக்மியில் ஏற்றச் சொன்னேன். கிராம நர்சாக நான் எழுதிவந்த கர்ப்பிணிப் பதிவேட்டை வாசிப்பேன், நீ தட்டுவாய். ஒருநாள் பதிவேட்டை நீயே எடுத்து வைத்துக்கொண்டு, "இந்த அக்காவுக்கு பிபி எழுதவே இல்லையேம்மா, என்ன போட?" என்று கேட்டாய். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் "120/80 போடு" என்றேன்.

அந்த மாதம் நான் அவள் வீட்டுக்குப் போகவே இல்லை. வெயில், ஸ்கூட்டி ரிப்பேர், என்னவோ ஒரு சாக்கு. பத்து நாளில் அவளுக்கு வலிப்பு வந்து 108-ல் சிவகங்கைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்தபோது 180/110. 140/90 என்றாலே நான் டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டியவள். தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை. விசாரிக்க வந்தவர்களும் ஸ்கிரீனைப் பார்த்து, போன மாதம்வரை நார்மல் என்று எழுதிக்கொண்டு போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

உனக்கும் சொல்லவில்லை. தட்டியது நீதான் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. அது என் லாகின், என் தப்பு. லாகினைக் கைமாற்றும் பழக்கத்தை உனக்குக் காட்டிக்கொடுத்ததும் நான்தான்.

அங்கே உன்னைக் கேட்டால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு. வேலை போனாலும் போகட்டும், வீடு இருக்கிறது.

சனிக்கிழமை பாலா வருகிறான், டப்பாவைக் கொடுத்தனுப்பு. அது அப்பத்தா சீராகக் கொண்டுவந்த எவர்சில்வர். கொடுத்தனுப்பியதும் ஒரு போன் பண்ணு.

அம்மா