சைக்கிளில் வேலைக்குப் போவோர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த அறிக்கையின் நகல் அவர்கள் வீட்டுக்கும் போகும். பிரித்துப் படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் வராமல் ஒத்திவைக்கப்பட்டது. ஐ.நா. பொதுச்சபை 2018இல் அறிவித்த உலக சைக்கிள் தினத்தை ஜூன் 3 அன்று பேரணியோடு கொண்டாடினோம். கிளம்பும் இடத்தில் படம் எடுத்துக்கொண்டவர்கள் முடியும் இடத்துக்கு வந்து சேர்ந்தவர்களைவிட அதிகம். பஞ்சர் ஒட்டும் பயிற்சி ஒரு நாள் நடந்தது. மருத்துவர் ஒருவர் வந்து பேசினார். பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு அகால மரண ஆபத்து சுமார் 40 சதவீதம் குறைவாகத் தெரிந்தது என்றார். ‘சைக்கிள்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நான் சைக்கிளில்தான் வந்தேன்’ என்று முடித்தார். அதைக் கேட்கப் பதினோரு பேர் இருந்தோம். அவருக்கு நன்றி.

இனி நோட்டு விஷயம். செயலாளர் ஆண்டு முழுவதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு திரிந்தாரே தவிர வேறு என்ன செய்தார் என்று ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன பொதுக்குழு முடிந்த கையோடு, பணியிடங்களில் சைக்கிள் நிறுத்த நிழலுள்ள இடமும் முகம் கழுவி உடை மாற்ற ஓர் அறையும் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு மனு எழுதினோம். பதிலாக ஒரே ஒரு கேள்வி வந்தது. உங்கள் ஆட்கள் சராசரியாக எவ்வளவு தூரம் ஓட்டுகிறார்கள்? நம்மிடம் பதில் இல்லை. இத்தனை வருஷம் சங்கம் நடத்துகிறோம், யார் எங்கிருந்து எங்கே போகிறார் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. அன்று மாலையே இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டேன். பெயர், கிளம்பும் நேரம், சேரும் நேரம், தூரம். நாலே நாலு கட்டம்தான். வாரம் ஒரு வரி எழுதினால் போதும் என்றேன்.

முதல் மாதமே குழப்பம். சிலர் போகும் தூரத்தை எழுதினார்கள், சிலர் போய்வரும் தூரத்தை. ஒருவர் வரைபடத்தில் அடிஸ்கேல் வைத்து நேர்க்கோட்டில் அளந்து எழுதியிருந்தார். காக்கைக்கு அது சரி. தெருக்கள் சதுரக் கட்டமாக அமைந்த இடத்தில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக நேர்க்கோட்டைப் போல 1.41 மடங்கு மிதிக்க வேண்டும். அவர் எழுதிய 5 கிலோமீட்டர் உண்மையில் 7ஆக இருக்கலாம். தன் உழைப்பைத் தானே குறைத்து எழுதிய ஒரே உறுப்பினர் அவர்தான்.

மற்றவர்கள் எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘மீட்டர் சரிபார்ப்பு’ வைத்தேன். சைக்கிளில் மாட்டும் தூரமானிக்கு உண்மையில் தூரம் தெரியாது. ஸ்போக்ஸில் ஒரு சின்னக் காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார். காந்தம் எத்தனை தடவை சென்சாரைத் தாண்டியது என்று எண்ணி, நாம் கொடுத்த சக்கரச் சுற்றளவால் பெருக்கிக் காட்டும், அவ்வளவுதான். சுற்றளவு தப்பானால் எல்லாமே தப்பு. வால்வு தரைக்கு நேராக நிற்கும்படி சக்கரத்தை வைத்து, அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு. ஆள் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாரத்தில் டயர் கொஞ்சம் அமுங்கும். இருவர் பிடித்துக்கொள்ள, சக்கரத்தைச் சரியாக ஒரு சுற்று உருட்டி, வால்வு மறுபடி கீழே வந்த இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே டேப்பை வைத்து அளக்க வேண்டியதுதான்.

வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மடக்கு சைக்கிள்காரர், 20 அங்குலச் சக்கரம். தினமும் 14 கிலோமீட்டர் என்று நோட்டில் தடித்த பேனாவால் எழுதி வந்தவர். கோட்டுக்குக் கோடு டேப் வைத்தால் ஒன்றரை மீட்டர்தான் வருகிறது. மீட்டரைத் திறந்து பார்த்தால் பெரிய சக்கரத்துக்கான 2.1 மீட்டர் அளவு அப்படியே இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து மாட்டியவர், அமைப்பைத் தொடவே இல்லை. கணக்குப் போட்டால் 14 என்பது 10. அவர் சாக்குக்கட்டிக் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ‘இன்னொரு தடவை உருட்டுங்க சார்’ என்றார். உருட்டினோம். அதே ஒன்றரை மீட்டர். அடுத்த இரண்டு கூட்டங்களுக்கு அவர் வரவில்லை. இன்று வந்திருக்கிறார், மகிழ்ச்சி. தினமும் 10 கிலோமீட்டர் ஒன்றும் சின்ன தூரமில்லை என்று இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

சராசரி பற்றியும் பொருளாளருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. மனுவுக்கு ஒரே எண் போதும் என்பது அவர் கட்சி. எண் எப்படி ஏமாற்றும் என்று காட்ட அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது பேர் ஆளுக்கு 3 கிலோமீட்டர், பத்தாவது ஆள் 23. கூட்டினால் 50, சராசரி 5. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட 5 கிலோமீட்டர் ஓட்டுவதில்லை! சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைக் கேட்டால் 3 என்பார். நம் சங்கமும் ஏறக்குறைய இதே வடிவம்தான். பெரும்பாலோர் கிட்டத்தில், ஒரு சிலர் மிக தூரத்தில்.

நோட்டில் எனக்குப் பிடித்தது தூரக் கட்டமில்லை, நேரக் கட்டம். இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்ச்செட்டி 1994இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதன் நடந்தாலும் காரில் போனாலும் ஒரு நாளில் பயணத்துக்கு ஒதுக்குவது சுமார் ஒரு மணி நேரம்தான் என்கிறார். போக அரை மணி, வர அரை மணி. வண்டி வேகமானால் வீடு தள்ளிப் போகுமே தவிர, நேரம் குறையாது. நம் நோட்டைப் புரட்டினால் அரை மணிக்குள் முடிகிறவர்கள் வாரா வாரம் எழுதியிருக்கிறார்கள். முக்கால் மணியைத் தாண்டுகிறவர்களின் பக்கத்தில் மூன்றாவது மாதத்திலிருந்து பெரும்பாலும் வெள்ளைத் தாள்தான்.

அரை மணி என்றால் எவ்வளவு தூரம்? மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏழரை. வழியில் எட்டு சிக்னல், ஒவ்வொன்றிலும் அரை நிமிஷம் என்றால் நாலு நிமிஷம் போச்சு. அது மட்டுமே ஒரு கிலோமீட்டர். அப்புறம் எதிர்காற்று, ஏற்றம். வேகமாக மிதித்துப் பிடித்துவிடலாம் என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். 15ஐ 20 ஆக்கினால் காற்றைத் தள்ளுவதற்கான சக்தி மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், ஏனென்றால் அது வேகத்தின் முப்படியாக ஏறுகிறது. ஆபீஸ் போய்ச் சேரும்போது சட்டை பிழியும் நிலையில் இருக்கும். அதனால்தான் முகம் கழுவ அறை கேட்டோம். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகன் வட்டாரத்தில் 5 கிலோமீட்டருக்கு மேல் போகிறவர்களை மனத்தில் வைத்தே, ஊர் எல்லை தாண்டி நீளும் தனிப் பாதைகளை 2012 முதல் திறந்து வருகிறார்கள். நிற்காமல் போக வழி விட்டால் அதே அரை மணியில் ஆள் தூரம் போவான் என்பதுதான் அதன் கணக்கு. மோட்டார் உதவியுள்ள சைக்கிளும் அதையேதான் செய்கிறது. அவற்றையும் நோட்டில் சேர்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு: மிதித்தால் சேர்க்கலாம்.

இனி என் மனத்தாங்கலைச் சொல்லிவிடுகிறேன். 22 கிலோமீட்டர் ஓட்டுகிறேன் என்று எல்லாக் கூட்டத்திலும் சொல்லும் உறுப்பினர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். நோட்டில் அவர் ஓட்டியது மாதம் ஒரு நாள். போக 22, வர 22, வருஷத்துக்கு 528 கிலோமீட்டர். பின்வரிசையில் உட்காரும் இன்னோர் உறுப்பினரிடம் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டேன். ‘ரெண்டு கிலோமீட்டர் சார், அதெல்லாம் ஒரு தூரமா, எழுதவே கூச்சமா இருக்கு’ என்றார். எத்தனை நாள் ஓட்டுகிறீர்கள் என்றேன். வருஷத்தில் முந்நூறு நாளுக்குக் குறையாது என்றார். ஒரு நாளைக்கு 4, முந்நூறு நாளைக்கு 1,200. நம்மில் யார் தூரம் போகிறவர் என்று நீங்களே பாருங்கள். இந்த இரண்டு கிலோமீட்டர்காரர்கள் எல்லோரும் கூச்சப்பட்டு எழுதாமல் விட்டதால்தான் நோட்டு பார்ப்பதற்கு ஏதோ வீரர்களின் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது. அதைப் படிக்கிற அதிகாரி, ‘இது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை’ என்றுதான் மூடி வைப்பார். நாம் கேட்ட நிழலும் அறையும் இவர்களுக்காகத்தான் முதலில்.

என் பக்கத்தைப் பற்றியும் ஒருவர் கேட்டார், கேட்க வேண்டியதுதான். நான் ஓட்டுவது ஒரு வழிக்கு 9 கிலோமீட்டர். மழை மாதத்தில் பதினோரு நாள் காலியாக இருக்கிறது. பஸ்ஸில் போனேன். மட்கார்டு இல்லாத சைக்கிளில் பின்சக்கரம் முதுகில் இழுக்கும் சேற்றுக் கோட்டோடு மேலதிகாரி முன்னால் நிற்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. இப்போது மட்கார்டு போட்டுவிட்டேன். பதினோரு நாளையும் நிரப்பாமல் அப்படியேதான் விட்டிருக்கிறேன்.

நோட்டால் எதிர்பாராத ஒரு நன்மையும் உண்டு. தூரம் தெரிந்ததால் செயினை எப்போது பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்தது. சைக்கிள் செயினில் ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் நடுவே அரை அங்குலம், ஆக இருபத்துநான்கு இடைவெளி சேர்ந்தால் பன்னிரண்டு அங்குலம். அடிஸ்கேலை வைத்துப் பார்த்து, கடைசி ஆணி பன்னிரண்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு போகும்வரை விட்டால் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். பஞ்சர் பயிற்சி அன்று ஏழு செயின் பார்த்தோம், இரண்டு முற்றிய நிலையில் இருந்தன. ஒன்று பொருளாளருடையது. மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால் கடன் இல்லை, கையிருப்பு என்று பெருமையாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. நின்று அடிக்கும் காற்று பம்ப் ஒன்று வாங்கினோம், பஞ்சர் சாமான்கள், தபால், நகல் செலவு, மற்றவை. ‘மற்றவை’ என்றால் என்ன என்று போன வருஷம் போலவே இந்த வருஷமும் கேட்பீர்கள். நோட்டு என் சொந்தச் செலவு என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

சந்தா. பாதிப் பேருக்கு மேல் பாக்கி. மூன்று நினைவூட்டல் அனுப்பியாயிற்று. சிலர் ‘வண்டியை ஓவர்ஹாலுக்கு விட்டிருக்கிறேன், வந்ததும் கட்டுகிறேன்’ என்றார்கள். ஓர் ஆண்டாக நடக்கும் ஓவர்ஹாலை நான் பார்த்ததில்லை. சந்தா கட்டாதவர்கள் காற்று பம்பைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தது. நான்தான் எதிர்த்தேன். காற்று இல்லாத டயரோடு ஒருவர் வேலைக்குப் போவது சங்கத்துக்கு அழகில்லை. அவர்களும் அதைப் புரிந்துகொண்டால் நல்லது.

தலைவருக்கும், செயற்குழுவுக்கும், கூட்டம் நடத்த இடம் தந்தவருக்கும், பேரணி அன்று கடைசிச் சைக்கிள் போகும்வரை வழியில் நின்றவர்களுக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அடுத்த ஆண்டு பற்றி. மனுவை மறுபடி எழுத வேண்டும், இந்தத் தடவை தூரத்தோடு நேரத்தையும் சேர்த்து. அதற்கு எல்லோருடைய வரியும் வேண்டும். செயலாளர் பொறுப்புக்கு இளையவர்கள் யாராவது முன்வந்தால் நான் தடையாக இருக்க மாட்டேன் என்று போன வருஷமும் சொன்னேன், யாரும் முன்வரவில்லை. ஒருவேளை இந்த அறிக்கையின் நீளத்தைக் கேட்ட பிறகு யாராவது வரலாம். வந்தால் நோட்டையும், டேப்பையும், மிச்சமிருக்கும் சாக்குக்கட்டியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். வராவிட்டால் நோட்டு வழக்கம்போல என் கேரியரில்தான் இருக்கும். இப்போது வாசலில் மேஜைமேல் விரித்து வைத்திருக்கிறேன். பேனா கட்டித் தொங்குகிறது. இரண்டு கிலோமீட்டர்காரர்கள் முதலில் எழுதிவிட்டுப் போகவும். சந்தாவைப் பக்கத்து நாற்காலியில் பொருளாளர் வாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
செயலாளர்