சேதுவுக்கு, ஜன்னல் விஷயமாக

அன்புள்ள சேது,

பதில் போடாததற்கு நிறையத் திட்டியிருப்பாய். இங்கே எல்லாரும் நலம். மூர்த்தி இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லை.

போன வாரக் காற்றில் கொக்கி கழன்று, கூடத்து ஜன்னல் சுவரில் அறைந்து கண்ணாடி போய்விட்டது. கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருந்த, காய்ந்து கல்லாகிக் கிடந்த பழைய மக்கை உளியால் கொத்தி எடுக்கவே ஆசாரிக்கு அரை நாள் ஆயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் சட்டத்தின் அளவைக் கேட்டுவிட்டு, "ஒரு நூல் கம்மி பண்ணித்தான் வெட்டணும் சார், மழையில மரம் ஊதினா கண்ணாடி விரிசல் விட்டுடும்" என்றார். கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு. கோடு கண்ணுக்கே தெரியவில்லை. மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார், டக்கென்று பிரிந்தது. அந்தக் கையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், கண்ணாடி ஒரு திரவம், காலப்போக்கில் கீழே வழியும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே ரிட்டையர் ஆன ஆள் நீ. உடைந்த துண்டுகளின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். மேல்பக்கம்தான் தடிமன்! பழைய கண்ணாடியை உலையிலிருந்து தகடாக மேலே இழுப்பார்கள். மேடுபள்ளமும் அலையும் அப்போதே விழுந்தவை. 1959இல் பில்கிங்டன் கம்பெனி, உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடியை மிதக்கவிடும் முறையை அறிவித்தது. இப்போதைய வழவழப்பு அதனால் வந்ததுதான். உன் மாணவர்களிடம் மன்னிப்புக் கேட்க இன்னும் நேரமிருக்கிறது வாத்தியாரே.

அம்மா நாள் முழுக்க அந்த ஜன்னலண்டைதான் உட்கார்ந்திருப்பாள். பழைய கண்ணாடியில் எதிர்வீட்டுத் தென்னை வளைந்து நெளிந்து தெரியும். புதுசு மாட்டிய மறுநாள், "அந்த மரத்தை எப்படா வெட்டினாங்க? இது வேற மரம்" என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. கண்ணாடியால்தான் என்று நினைத்திருப்பேன். ஆனால் கொஞ்ச நாளாகவே என்னைத் தம்பி பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். டாக்டரிடம் கூட்டிப் போகச் சொல்கிறார்கள்; எனக்குத்தான் கால் எழவில்லை.

மீதிக் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போடலாம் என்கிறான் பையன். இப்போதைக்கு ஒன்றையும் தொடாதே என்று சொல்லிவிட்டேன்.

உன் அப்பாவுக்கு முதலில் எப்படி ஆரம்பித்தது? எந்த டாக்டரைப் பார்த்தீர்கள்? ஒளிக்காமல் எழுது. போனில் வேண்டாம், அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள்.

உன்
ராமு