சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம்

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் வீட்டுச் சுவரில் வந்து உட்கார்ந்திருப்பது அட்லஸ் அந்துப்பூச்சி. இந்தியா தொடங்கி இந்தோனேசியா வரை வெப்பக் காடுகளில் வாழ்கிறது. 1758-இல் ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் பெயரிட்டு விவரித்த இனம். இறக்கை விரிப்பு 24 சென்டிமீட்டர் வரை போகும். வௌவால் என்று நினைத்து நீ அலறியதில் வியப்பில்லை.

முன்னிறக்கைகளின் நுனியைக் கவனித்தாயா? வெளிப்பக்கம் வளைந்து, மஞ்சள் கலந்த ஓர் திட்டு, அதில் கண் வைத்தாற்போல ஒரு கரும்புள்ளி, வாய்ப்பிளவாக ஒரு கோடு. பக்கவாட்டில் பார்க்கும் பாம்புத் தலையேதான்! சீண்டினால் தரையில் விழுந்து இறக்கையை மெல்ல அசைக்கும். அந்தத் தலைகள் நெளிவதுபோல் இருக்கும். பறவைகளை மிரட்டத்தான் இந்த வேடம் என்று கருதுகிறார்கள்.

எனக்கென்னவோ பாம்பைவிட அந்த முக்கோணங்கள்தான் பிடித்திருக்கின்றன. நான்கு இறக்கைகளின் நடுவிலும் இருக்கின்றன பார். வெள்ளைப் புள்ளிகள் என்று எழுதியிருந்தாய். மறுபடி உற்றுப் பார், உன் சுவரின் பச்சை அவற்றின் வழியே தெரிகிறது. மற்ற இடங்களில் செங்கல் நிறத்தைத் தருபவை நுண்ணிய செதில்கள். முக்கோணங்களில் செதில் கிடையாது, வெறும் சவ்வுதான். விரல் பட்டால் செதில்கள் பொடியாக உதிர்ந்துவிடும். அதனால் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள். உனக்கு அது கஷ்டம்தான், தெரியும்.

அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைத்தாயாம். நல்ல மனதுதான், ஆனால் எடுத்துவிடு, எறும்புதான் வரும். இந்தப் பூச்சிக்கு உண்ணும்படியான வாய் கிடையாது. புழுவாக இருந்தபோது இலைகளைத் தின்று சேர்த்த கொழுப்பில்தான் மிச்ச நாட்கள் ஓடுகின்றன. கூட்டை விட்டு வந்தபின் ஓரிரு வாரங்கள் இருந்தாலே அதிகம். அதற்குள் இணை சேர வேண்டும்.

உணர்கொம்புகள் அகன்ற இறகுகளாக இருப்பதால் இது ஆண் என்று சொல்லிவிடலாம். பெண்ணுக்கு அவை ஒடுங்கியிருக்கும், உடல் பருத்திருக்கும். பெண் காற்றில் விடும் வாசனையை வெகு தொலைவிலிருந்தே இந்த இறகுகள் பிடித்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் மயங்கி உன் சுவரிலேயே கிடந்தால் அந்தத் தேடல் நடக்காது. இன்று இரவு வாசல் விளக்கை அணைத்து வை. அது பறந்து போவதற்கு முன் உணர்கொம்பு தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா