வசந்தம் எந்த நம்பரில் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சியான வசந்தம் ஒளிவழியை (சேனலை) இப்போது யாரும் பார்ப்பதில்லை, எல்லாரும் கைபேசிக்குப் போய்விட்டார்கள் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். இளையர்களைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பார்க்க ஆசைப்படுகிற பெரியவர்கள் பலருக்கு அது எங்கே வருகிறது என்றே தெரியாமல் போய்விட்டது, அதைப் பற்றி யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வீட்டில் கட்டணத் தொலைக்காட்சி உண்டு. பழைய கேபிள் போய் ஃபைபர் வந்து, பெட்டி மாறி, ரிமோட் மாறி, கூடவே நம்பர்களும் மாறின. எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டாம், யாரிடம் வாங்கினாலும் இதே கதைதான் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். சன், விஜய், ஜீ தமிழ் எல்லாம் காசு கட்டி வாங்கிய இந்தியத் தொகுப்பில் ஒன்றாக இருக்கின்றன. வசந்தமோ அந்தக் கூட்டத்தில் இல்லை, உள்ளூர் இலவச ஒளிவழிகளோடு வேறு ஓர் எண் வரிசையில் தனியாக இருக்கிறது. என் மாமியார் மேலும் கீழும் அம்புக்குறியை அழுத்தி ஒளிவழி மாற்றுகிறவர். தமிழ் சேனல்கள் முடிந்ததும் இந்தி, அப்புறம் வேறு என்னென்னவோ வரும், உடனே திரும்பிவிடுவார். வசந்தத்தை நிறுத்திவிட்டார்கள் என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா?

நிகழ்ச்சி வழிகாட்டியைத் திறந்து பார்க்கலாமே என்பீர்கள். எங்கள் பெட்டியில் அது முழுக்க ஆங்கில எழுத்தில்தான் வருகிறது. தமிழ் நாடகத்தின் பெயரையும் ஆங்கில எழுத்தில், அதுவும் பாதியில் வெட்டி, மூன்று புள்ளி வைத்துப் போடுகிறார்கள். நூறு வெள்ளிக் கைபேசியில்கூடத் தமிழ் அழகாகத் தெரிகிற காலத்தில் இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதையும் நான் ஏற்கத் தயாராக இல்லை.

இந்த ஒளிவழி நமக்குக் கிடைத்த கதையை நினைத்தால்தான் கோபம் கூடுகிறது. 1963இல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியபோதே நான்கு மொழிகளிலும் நிகழ்ச்சிகள் இருந்தன. ஆனால் தமிழுக்கென்று தனி இடம் கிடையாது. ஒளிவழி 8இல் சீன நிகழ்ச்சிகளுக்கு நடுவே வந்தது, பிறகு பிரைம் 12 என்ற ஒளிவழியில் மலாய் நிகழ்ச்சிகளோடு பகிர்ந்துகொண்டது. 2000இல் சூரியா வந்ததும் மலாய்க்குத் தனி ஒளிவழி ஆயிற்று, நமக்கு சென்ட்ரல் என்ற ஒளிவழியில் சிறுவர் நிகழ்ச்சிகளோடு பங்குதான். 2008 அக்டோபரில்தான் வசந்தம் முழு ஒளிவழி ஆனது. இத்தனை ஆண்டு ஒண்டுக்குடித்தனம் இருந்து சொந்த வீடு வாங்கிய பிறகு, அந்த வீட்டுக்கு வழி தெரியவில்லை என்றால் எப்படி?

விதி ஒன்று இருக்கிறது. நாடு முழுதும் சேவை தரும் கட்டணத் தொலைக்காட்சி நிறுவனங்கள் இலவச ஒளிவழிகளைக் கட்டாயம் தங்கள் சேவையில் கொண்டுவர வேண்டும், கொண்டுவருகிறார்கள். ஆனால் பெட்டிக்குள் இருப்பதும் கண்ணில் படும்படி இருப்பதும் ஒன்றல்லவே. பிரிட்டனில் பொதுச் சேவை ஒளிவழிகளுக்கு நிகழ்ச்சி வழிகாட்டியில் முன்னிடம் தர வேண்டும் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி விதிமுறையே வைத்திருக்கிறார்கள். ஸ்மார்ட் டிவி வந்து, மக்கள் செயலிகள் வழியாகப் பார்க்கத் தொடங்கியதும், 2024இல் இன்னொரு சட்டம் போட்டு அங்கேயும் பொதுச் சேவை ஒளிபரப்பாளர்களின் செயலிகள் எளிதாகக் கண்ணில் பட வேண்டும் என்றார்கள். நம் தகவல் தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமும் இதை யோசிக்கலாம். பெட்டியைப் போட்டவுடன் வரும் முதல் திரையில் நான்கு மொழி ஒளிவழிகளும் தெரிய வேண்டும், அதில் வசந்தத்தின் பெயர் தமிழில் இருக்க வேண்டும், நான் கேட்பது இவ்வளவுதான்.

சரி, வசந்தத்தைக் கைபேசியில் பார்க்க மீவாட்ச் செயலி இருக்கிறதே என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். இருக்கிறது, நேரலையும் பார்க்கலாம், தவறவிட்ட நிகழ்ச்சிகளையும் பார்க்கலாம், நல்ல ஏற்பாடு, நானே பேருந்தில் பார்ப்பேன். எழுபது வயதுக்கு மேல் கண் மங்கி, விரல் நடுங்கும் ஒருவரிடம் போய்ச் செயலியைப் பதிவிறக்கம் செய்யுங்கள், கடவுச்சொல் போடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விஷயமும் நிறைய பேருக்குத் தெரியவில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்கில் ஒரு தம்பதி மாதக் கட்டணம் கட்ட முடியாமல் சேவையை நிறுத்த நினைத்தார்கள், நிறுத்தினால் வசந்தமும் போய்விடுமே என்று பயந்து கட்டிக்கொண்டே இருந்தார்கள். போகாது! 2019 தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பை நிறுத்திவிட்டு முழுக்க மின்னிலக்க ஒளிபரப்புக்கு மாறினோம் அல்லவா, அது காற்றில் இலவசமாகத்தான் வருகிறது. அதற்கு முன் கட்டணத் தொலைக்காட்சி இல்லாத சிங்கப்பூரர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 100 வெள்ளிப் பற்றுச்சீட்டுகூடக் கொடுத்தார்கள். இந்த மின்னிலக்க ஒளிபரப்பைப் பிடிக்கும் டிவிபி-டி2 வசதி உள்ள டிவியாக இருந்தால் போதும், இல்லையென்றால் ஒரு சின்ன மின்னிலக்கப் பெட்டி. சாதாரண உட்புற ஆண்டெனா ஒன்றை வாங்கி டிவியில் செருகி, ஜன்னல் பக்கமாக வைத்து, அமைப்புகளுக்குள் போய் ஆண்டெனா என்று தேர்ந்தெடுத்து, ஒளிவழிகளைத் தேடச் சொன்னால் அதுவே தேடிப் பிடித்து வைத்துக்கொள்ளும். வசந்தம், சூரியா, ஒளிவழி 5, ஒளிவழி 8, ஒளிவழி யு, சிஎன்ஏ எல்லாம் வந்துவிடும், மாதாமாதம் ஒரு காசு கிடையாது. படம் உடைந்து உடைந்து வந்தால் ஆண்டெனாவைக் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். அந்தத் தம்பதி வீட்டில் அப்படித்தான் செய்தோம், இப்போது படம் பளிச்சென்று வருகிறது.

இவ்வளவு பாடுபட்டு அதைப் பார்க்க வேண்டுமா என்றால், செய்திக்காகவாவது பார்க்க வேண்டும் என்பேன். சென்னை மழையும் தமிழ்நாட்டு அரசியலும் சன் டிவியைப் போட்டால் தெரிந்துவிடும். மத்திய சேம நிதியில் என்ன மாற்றம், அரசு தரும் சிடிசி பற்றுச்சீட்டை எப்போது வாங்கலாம், எந்த எம்ஆர்டி ரயில் தடத்தில் கோளாறு, வரவுசெலவுத் திட்டத்தில் முதியவர்களுக்கு என்ன என்பதையெல்லாம் தமிழில், டிவியில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வசந்தத்தை விட்டால் வேறு யார் சொல்வார்கள்? எதிரொலி போன்ற நடப்பு விவகார நிகழ்ச்சியில் நம் ஊர்ப் பிரச்சினையை நம் ஊர்க்காரர்களே உட்கார்ந்து பேசுகிறார்கள். நாடகங்களும் அப்படித்தான். வேட்டை போன்ற போலிஸ் தொடரில் வருகிற புளோக்கும் காப்பிக்கடையும் நமக்குத் தெரிந்தவை, பேச்சும் நம் பேச்சு. ஆங்கில வசனம் கீழே ஓடுவதால் தமிழ் தடுமாறும் பிள்ளைகளும் கூட உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

எல்லாமே நன்றாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பார்த்த படத்தையே திரும்பத் திரும்பப் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை, சில நகைச்சுவை நிகழ்ச்சிகளில் சிரிப்பதற்கு நாம்தான் முயற்சி எடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல நாடகம் ஒன்று முடிந்து அடுத்த பருவம் எப்போது என்று தெரியாமல் காத்திருப்பதும் உண்டு. ஆனாலும் முன்பு ஆண்டுக்கு 110 வெள்ளி உரிமக் கட்டணம் கட்டி, 2011இல் அது எடுக்கப்பட்ட பிறகு பொதுப்பணத்தில் ஓடுகிற பொதுச் சேவை இது. குறை சொல்வதற்காவது மக்கள் பார்க்க வேண்டுமே.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. வார இறுதியில் அடுத்த வார வசந்தம் நிகழ்ச்சிகளைப் பெரிய எழுத்தில், தமிழில், நேரத்தோடு ஒரு முழுப் பக்கம் போடுங்கள். ஒவ்வொரு சேவையிலும் வசந்தத்தின் எண் என்ன என்பதை மேலே கொட்டை எழுத்தில் போடுங்கள், எண் மாறினால் அந்த வாரமே மாற்றிப் போடுங்கள். விளம்பர இடம் போகிறதே என்று நினைத்தால், அந்தப் பக்கத்தை வாரம் முழுக்க வீட்டில் வைத்திருப்பார்கள் என்று விளம்பரதாரர்களிடம் சொல்லிப் பாருங்கள். கூடவே ஆண்டெனா வைத்து ஒளிவழி தேடும் முறையை ஒருமுறை படத்தோடு வெளியிட்டால் எங்கள் புளோக்கில் நான் வீடு வீடாக ஏறி இறங்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்