பித்தளை கலப்படம் இல்லைங்க, கலவை

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

போன வாரம் உங்க பேப்பர்ல பாத்திரம் பத்தி ஒரு துணுக்கு வந்துச்சு, அதுல "செம்பில் துத்தநாகம் கலப்படம் செய்து பித்தளை தயாரிக்கப்படுகிறது"ன்னு போட்டிருந்தீங்க. எழுதுனவரு கெட்ட எண்ணத்துல எழுதலைன்னு தெரியுதுங்க, ஆனா அந்த ஒரு வார்த்தையால எனக்கு ஒரு யாவாரம் பாதியில நிக்குது. அதான் இந்த லெட்டர்.

நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்துல சின்னதா பாத்திரக்கடை வெச்சிருக்கேன். எங்க அப்பாரு காலத்துல பட்டறை, அப்புறம் கடை மட்டும்னு ஆயிருச்சு. பொண்ணு சீருக்கு பித்தளை அண்டாவும் ஒரு ஜோடி குத்துவிளக்கும் பாத்து வெச்சுட்டுப் போன அம்மா ஒருத்தங்க, உங்க துணுக்கை போன்ல படம் புடிச்சு எடுத்துட்டு வந்து, ஏனுங்ண்ணா பித்தளைன்னாலே கலப்படமாமா, கலப்படமில்லாத சுத்த பித்தளையா இருந்தா எடுத்துக் காட்டுங்கன்னு நிக்கறாங்க. சுத்த பித்தளைக்கு நான் எங்க போவேன் சொல்லுங்க, துத்தநாகத்தை எடுத்துட்டா அது செம்பாயிருமே!

பால்ல தண்ணி ஊத்துனா கலப்படம், சரிங்க. அதே பால்ல கொஞ்சம் மோரை விட்டு உறை ஊத்துனா அதை யாராச்சும் கலப்படம்னு சொல்லுவாங்களா, அது தயிருங்க, வேற பொருள் ஆயிருச்சு. பித்தளையும் அப்படித்தான். செம்பு நூத்துக்கு அறுபது எழுபது, மிச்சம் துத்தநாகம். அதுவும் சும்மா ரெண்டையும் ஒண்ணா போட்டு கிண்டற சமாச்சாரம் இல்லைங்க, செம்பு உருகறதுக்கு 1085 டிகிரி வேணும், துத்தநாகம் 907 டிகிரியிலயே கொதிச்சு ஆவியா போயிரும், அதனால செம்பு உருகுனதுக்கு அப்புறம் கடைசியாத்தான் துத்தநாகத்தை உள்ள விடுவாங்க, விட்டதும் வெள்ளையா புகை கெளம்பும், கொஞ்சம் அசந்தா போட்ட சரக்குல பாதி புகையா போயிரும். இவ்வளவு கைப்பழக்கம் வேண்டிய வேலையை கலப்படம்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்களே.

ஸ்கூல் புக்குல உலோகக்கலவைன்னு இருக்குது, அகராதியில கலப்புலோகம்னும் போட்டிருக்குது, ரெண்டும் நல்ல வார்த்தைதான், ஆனா எங்க கடையில இத்தனை வருசத்துல ஒருத்தர் கூட ஒரு உலோகக்கலவை குடம் குடுங்கன்னு கேட்டதில்லைங்க. ஜனங்களுக்கு பித்தளை, வெங்கலம், எவர்சில்வர்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி பேரு இருக்குது, பொதுப்பேருக்கு அவசியமே இல்லை. கோயமுத்தூர் பக்கம் பவுண்டரியிலயும் பம்ப்செட் வேலையிலயும் இருக்கறவங்க புஷ்ஷுக்கு, அதாவது தண்டு சுத்தற எடத்துல போடற வளையத்துக்கு, கன்மெட்டல்ம்பாங்க, அதுவும் செம்பு, வெள்ளீயம், துத்தநாகம் சேந்ததுதான், ஒரு காலத்துல பீரங்கி வார்த்த சரக்கு அதனால அந்த பேரு. உலோகக்கலவைக்கு இங்கிலீசுல அலாய்ம்பாங்க, பசங்களை கேட்டா அலாய்னா கார் சக்கரம்னு சொல்றானுங்க.

வெங்கலம் செம்பும் வெள்ளீயமும். மணிக்கு வார்க்கறதுல நூத்துக்கு இருவது பங்கு கிட்ட வெள்ளீயம் இருக்கும், அதான் அந்த கணீர் சத்தம். வெங்கலக் கடையில யானை பூந்தாப்லன்னு சொன்னாங்களே ஒழிய பித்தளைக் கடையிலன்னு சொல்லலை பாருங்க, பழமொழி சொன்னவருக்கு சரக்கு தெரிஞ்சிருக்கு. பித்தளைப் போசியை கீழ போட்டா சொட்டை விழும், வெங்கலத்தை போட்டா விரிசல் விட்டுரும். பாலக்காட்டுப் பக்கம் இருந்து வர்றவங்க இதையே ஓடு, ஓட்டு உருளின்னு கேப்பாங்க, புதுசா வேலைக்கு வந்த பையன் வீட்டு மேல போடற ஓடுன்னு நெனச்சு பக்கத்து ஹார்டுவேர் கடைக்கு அனுப்பி வெச்ச கதையும் நடந்திருக்கு.

தங்கத்துக்கு மட்டும் இந்த பிரச்சனையே வர்றதில்லைங்க. ஒரு பவுன் 8 கிராம்ல சுத்தத் தங்கம் 7.33 கிராம்தான், மிச்சம் செம்பும் வெள்ளியும். 24 கேரட்ல செயின் செஞ்சா நெளிஞ்சு போயிரும்னு கலக்கறாங்க. அதை நீங்க 916 தங்கம்னு மரியாதையா எழுதறீங்க, பெரியவங்க மாத்துன்னு சொன்னாங்க, யாரும் கலப்படம்ங்கலை. பித்தளைன்னா மட்டும் எளக்காரம். பித்தலாட்டம்ங்கற வார்த்தையே பித்தளையில இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, முலாம் போயி பித்தளை பல்லிளிக்குதும்பாங்க, முலாம் பூசி ஏமாத்துனது எவனோ, கெட்ட பேரு பித்தளைக்கு.

நெசமான கலப்படம் எங்க நடக்குதுன்னும் சொல்லிர்றனுங்க, எங்க தொழில்ல இருக்கறவங்களுக்கு கோவம் வந்தாலும் பரவால்லை. எவர்சில்வர்ல வெள்ளி ஒரு பொட்டு கூட கெடையாது, இரும்புல குரோமியம் சேந்தது, 304 கிரேடுன்னா அதோட நிக்கலும் நூத்துக்கு 8 பங்கு இருக்கும். நிக்கல் வெலை ஜாஸ்தி, அதனால நிக்கலை கொறச்சு மாங்கனீசு சேத்த 202 கிரேடு வந்துச்சு. அதுவும் ஒரு கலவைதான், அது பேருல வித்தா தப்பே இல்லை. 202-ஐ 304-ன்னு சொல்லி விக்கறது இருக்குதே, அதுதாங்க பித்தலாட்டம். இப்ப எல்லாரும் காந்தத்தை பாக்கெட்ல போட்டுட்டு வந்து ஒட்டிப் பாக்கறாங்க, ஒட்டலைன்னா 304-ன்னு நம்பிக்கறாங்க. 202-லயும் காந்தம் ஒட்டாது! அடிச்சு இழுத்த பாத்திரத்துல ஓரத்துல ரெண்டுலயுமே லேசா ஒட்டும். காந்தம் நல்லா புடிக்கறது 430 கிரேடு, அது நிக்கல் இல்லாத வேற சரக்கு, இண்டக்சன் அடுப்பு பாத்திரத்துக்கு அடியில வெக்கறது. இதை எழுதுங்கய்யா, நாலு பேருக்கு பிரயோஜனமா இருக்கும்.

நம்ம ஊருக்கு இது புதுசும் இல்லைங்க. நொய்யல் கரையில கொடுமணல்ல தோண்டினப்ப இரும்பு உருக்குன உலை கெடச்சுது, எஃகும் இரும்புல கொஞ்சூண்டு கரி சேந்த கலவைதான், இந்தப் பக்கம் சேலத்துல இருக்கறதையும் உருக்காலைன்னுதான் கூப்பிடறோம். அவங்க எல்லாம் கலப்படக்காரங்களா?

உலோகக்கலவைன்னே போடுங்க, இல்லை பெருசா இருக்குதுன்னா கலவைன்னு போடுங்க, இல்லாட்டி செம்பும் துத்தநாகமும் சேந்ததுன்னு போட்டுருங்க, அந்த "கலப்படம்"ங்கற வார்த்தை மட்டும் வேண்டாமுங்க. அந்த அம்மா அண்டாவை எடுத்துட்டுப் போயிட்டாங்க, குத்துவிளக்கு மட்டும் ஞாயித்துக்கிழமை ஊட்டுக்காரரை கூட்டிட்டு வந்து பாக்கறோம்னு இருக்குது. அதுக்குள்ள ரெண்டு வரி திருத்தம் போட்டீங்கன்னா கட் பண்ணி கல்லாவுக்கு மேல ஒட்டிக்குவனுங்க.

இப்படிக்கு,
ஒரு பாத்திரக்கடைக்காரன்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.