இரண்டு ரூபாய் ஏறியும்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய படத்தை வீட்டில் எல்லோரும் பார்த்தோம். அப்படியே உன் அம்மா ஜாடை.

கடை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம், புதுச்சேரி மதகடிப்பட்டில் சந்தை நாள்; இந்தப் பக்கம், நம் தமிழ்நாட்டு வளவனூர் கடைத்தெருவில் நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்தவர் ஒருவர் பைக்கை நிறுத்தி த்ரீ பின் டாப், அதான் பிளக், ஒன்று கேட்டார். வண்டியில் தொங்கிய பையில் இரண்டு காயில் ஒயர். "மதகடிப்பட்டுல வாங்கினேன், டாப்பை மறந்துட்டேன்" என்றார். பில்லை வாங்கிப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே சைஸ், காயிலுக்கு என் விலையைவிட இருபது ரூபாய் கூடுதல். சொன்னேன். "பெட்ரோல் போடப் போனேன், அப்படியே வாங்கிட்டேன்" என்றார். எட்டு லிட்டர் பெட்ரோலில் அவர் மிச்சம் பிடித்தது நாற்பது சொச்சம். ஒயரில் விட்டது நாற்பது. சண்டையா போட முடியும்? டாப்பை எடுத்துக் கொடுத்தேன்.

பழைய கதை உனக்கு ஞாபகம் இருக்கும். 2011 ஜூலையில் நம் பக்கம் வாட் என்ற விற்பனை வரி 12.5 சதவீதத்திலிருந்து 14.5 ஆனது, 4 சதவீதம் 5 ஆனது. டிவி, மிக்ஸி என்று ஊரே பாண்டிக்கு பஸ் ஏறியது. 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது, இனி இரண்டு பக்கமும் ஒரே வரி, தொல்லை விட்டது என்று நினைத்தேன். ஒயருக்கு இப்போது இங்கேயும் 18 சதவீதம், அங்கேயும் 18. ஆனால் பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லையே! தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதத்தோடு லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு தனியாக. புதுச்சேரியில் அதைவிடக் குறைவு. பெட்ரோலுக்குப் போகிறவன் பல்பு, பைப், பெயிண்ட் எல்லாம் அங்கேயே முடித்துக்கொண்டு வருகிறான். மது வாங்கப் போகிறவன் கதையும் அதுதான்.

2025 ஜனவரியில் புதுச்சேரியிலும் பெட்ரோல், டீசல் வரியை ஏற்றினார்கள். லிட்டருக்கு இரண்டு ரூபாய் போல ஏறியது. நம் கடைத்தெருவில் சிலர் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடாத குறை. ஒன்றும் மாறவில்லை. அப்புறமும் ஐந்து ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதே, எவன் பழக்கத்தை விடுவான்? டீசலில் வித்தியாசம் இன்னும் அதிகம். லாரி, டிராக்டர் வைத்திருப்பவர்கள் இங்கே பங்க் பக்கமே திரும்புவதில்லை.

இந்த விற்பனை வரியே 1939-இல் ராஜாஜி கொண்டுவந்தது. மதுவிலக்கால் போகும் வருமானத்தை ஈடுகட்ட என்று சொன்னார்கள். இப்போது டாஸ்மாக்கும் இருக்கிறது, வரியும் இருக்கிறது.

எனக்கு இன்னொரு இடி. நான் கம்போசிஷனில், அதாவது சின்னக் கடைகளுக்கான ஜிஎஸ்டி திட்டத்தில் இருக்கிறேன். விற்றுமுதலில் ஒரு சதவீதம் என் கையிலிருந்து கட்டுகிறேன், பில்லில் வரி போட முடியாது. காண்டிராக்டர்கள் கிரெடிட் எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ள, ஜிஎஸ்டி பில் கேட்கிறார்கள். இல்லை என்றால் விழுப்புரத்துக்குப் போய்விடுகிறார்கள். ரெகுலர் ஜிஎஸ்டிக்கு மாறி நானும் வரி போட்டு பில் கொடுக்கலாம் என்றால் ஆடிட்டர் பீஸ், ரிட்டர்ன் வேலை. மகன் மாறச் சொல்கிறான். நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

நம்மூர் ரோடு உனக்கே தெரியும். மதகடிப்பட்டு புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடியும் புதுச்சேரி. பஸ்ஸில் தூங்கி எழுவதற்குள் இரண்டு மூன்று தடவை எல்லை தாண்டிவிடுவோம். இதில் கடைக்காரன் மட்டும் எந்தப் பக்கம் கோடு போடுவது?

பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா. திருப்பூரிலிருந்து காரில் வந்தால் டேங்கை எங்கே நிரப்பினாய் என்று கேட்கமாட்டேன். உண்மையைச் சொன்னால், என் எக்ஸெல் வண்டிக்கு நானும் மதகடிப்பட்டில்தான் போடுகிறேன். ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் ராமு