தரகர் நடத்துவதும் கடைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பது உரிமையாளரின் மத நம்பிக்கையைச் சார்ந்தது, அதில் அரசு தலையிடக் கூடாது என்று ஒரு வாசகர் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். நானும் மாடியில் குடியிருந்துகொண்டு கீழ்ப்பகுதியை வாடகைக்கு விட்டிருப்பவன். எங்களுடையது புலால் உண்ணாத சைவக் குடும்பம். ஆனாலும் அவர் கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

சென்ற ஆண்டு அலுவலக நண்பர் ஒருவருக்காக மேற்கு மாம்பலத்தில் வீடு தேடினேன். 'சைவம் மட்டும்' என்ற பலகையைப் பார்த்துத்தான் தரகரை அழைத்தேன். நண்பர் முட்டைகூடத் தொடாதவர். முன்பணத்திலிருந்து மெட்ரோ தண்ணீர் வரும் நேரம் வரை எல்லாம் பேசி முடித்த பிறகு தரகர், நண்பரின் பெயரைக் கேட்டார். இஸ்லாமியப் பெயர். "சார், அது நேத்தே முடிஞ்சிருச்சு" என்று இணைப்பைத் துண்டித்தார். பத்து நாள் கழித்தும் அந்தப் பலகை அதே கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் புலால் கூடாது என்பது ஒரு நிபந்தனை. எந்த மதத்தவரும் அதை ஏற்று நடக்க முடியும். பெயருக்காக மறுக்கப்பட்டவர் எதை ஏற்று நடப்பது?

அரசமைப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு மத சுதந்திரத்தைத் தரும்போதே, அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்றப் பிரிவுகளுக்கு உட்பட்டுத்தான் தருகிறது. அரசு மத அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதில் ஐயமில்லை. தனியாரைப் பொறுத்தவரை, கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் மதத்தையோ சாதியையோ காட்டி ஒருவரைத் தடுக்கக் கூடாது என்று 15(2) கூறுகிறது. 'கடை' என்பதில் சலவையகமும் முடிதிருத்தகமும் அடங்குமா என்ற கேள்வி 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில் எழுந்தபோது, நாடி வருபவருக்குத் தம் சேவையை அளிக்க முன்வரும் எவரையும் அந்தச் சொல் குறிக்கும் என்றும், உள்ளே விடுவதோடு நில்லாமல், பேசி ஒப்புக்கொண்டபடி சேவையைப் பெறுவதும் அதில் அடங்கும் என்றும் அம்பேத்கர் விளக்கினார். இந்த விரிந்த பொருளை உச்ச நீதிமன்றமும் 2011-ல் ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில் எடுத்தாண்டது.

அப்படியானால், அலுவலகம் போட்டு, ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கும் தரகர் நடத்துவது கடையல்லாமல் வேறென்ன? இணைய வாடகைத் தளங்களுக்கும் இது பொருந்தும்.

இதற்கு மறுப்பாக 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டுவார்கள். அகமதாபாத்தில் பார்சிகளின் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் ஒன்று பார்சிகளை மட்டுமே உறுப்பினராகச் சேர்க்கும் விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் அது தாமாகக் கூடி அமைத்துக்கொண்ட ஒரு சங்கத்தின் உறுப்பினர் விதி பற்றியது. ஊரறியப் பலகை மாட்டிக் குடித்தனக்காரரைத் தேடும் தொழிலுக்கு அதை இழுப்பது சரியாகாது.

அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், நான்கு வீடுகளுக்கு மிகாத கட்டடத்தில் தானும் குடியிருக்கும் உரிமையாளருக்குப் பெரும்பாலும் விலக்கு அளிக்கிறது. ஆனால் அவர்கூட மதத்தைக் குறிப்பிட்டு விளம்பரம் செய்ய முடியாது. அங்கிருந்தால் அந்த விலக்கு எனக்கே கிடைத்திருக்கும் என்றாலும், நியாயமான எல்லை இதுதான் என்று தோன்றுகிறது.

2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுப் பதிவு செய்யச் சொல்கிறது. ஒப்பந்தம் வரை வரவிடாமல் பெயரோடு திருப்பி அனுப்பப்பட்டவருக்கு அதில் வழியில்லை. தரகர்களும் வாடகைத் தளங்களும் மத, சாதி அடிப்படையில் வீடு மறுப்பதைத் தடைசெய்யும் ஒரு பிரிவை அரசு அச்சட்டத்தில் சேர்க்க வேண்டும். அத்தகைய புகாரை அச்சட்டத்தின் கீழுள்ள வாடகை அதிகாரியே விசாரிக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை.